மேற்கே போனவர்கள் யாருடைய நிலத்தில் இறங்கினார்கள்?

குமுளியிலிருந்து ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை ஒருவர் வாசகர்களுக்கு எழுதும் பதில்கள்

போன இதழில் இடுக்கி மலைக் குடியேற்றத்தைப் பற்றி எழுதும்போது, அமெரிக்காவிலும் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க இப்படி ஒரு குடியேற்றம் மேற்கு நோக்கி நடந்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டும் வாசகர்: "டீச்சர், இங்கிலீஷ் படங்களில் வெள்ளைத் துணி போர்த்திய வண்டிகள் வரிசையாகப் போகின்றன. வீடு வாசலை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக அவர்களுக்கு என்ன வந்தது? தங்கம்தானே காரணம்?"

தங்கம் பிறகு வந்தது, தம்பி. கலிபோர்னியாவில் சட்டர் என்பவருடைய மர ஆலைக்கு வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்கைப் பார்த்தது 1848 ஜனவரி 24. அதற்கு 5 வருடம் முன்பே, 1843-இல், ஏறக்குறைய ஆயிரம் பேர் மிசௌரியிலிருந்து ஆரிகனுக்கு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அவர்களைக் கிளப்பியதில் பெரிய பங்கு கடனுக்கு. 1837-இல் அமெரிக்காவில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. விளைந்ததற்கு விலை இல்லை, நிலத்தின் மேல் வாங்கிய கடனை அடைக்க வழியில்லை. மிசிசிப்பி, மிசௌரி ஆற்றோர ஊர்களில் வருடம் தவறாமல் குளிர்காய்ச்சல். வீட்டில் நாலு மகன்கள் இருந்தால் இருக்கிற நிலத்தை நாலாகப் பிரித்து ஒருவனும் பிழைக்க முடியாது. இந்த நிலையில், ஆரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் மண் நல்லது, மழை நல்லது, நிலம் காலியாகக் கிடக்கிறது என்று கடிதங்கள் வந்தன.

அந்த நிலம் ஏன் காலியாகத் தெரிந்தது என்பதை யாரும் கடிதத்தில் எழுதவில்லை. அங்கே கலாபுயா, சினூக் மக்கள் வாழ்ந்தார்கள். 1830 முதல் சில வருடங்கள் வெளியிலிருந்து வந்த காய்ச்சல் (மலேரியா என்கிறார்கள்) அவர்களில் பெரும்பாலோரை வாரிக்கொண்டு போய்விட்டது. ஊர் ஊராக ஆள் செத்த இடத்தைத்தான் வந்தவர்கள் காலி நிலம் என்று பார்த்தார்கள்.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்கள் அதைத் தப்பாகக் காட்டுகின்றன. பெரும்பாலான வண்டிகளை இழுத்தவை குதிரைகள் இல்லை, காளைகள். வண்டிக்குள் மாவும் உப்பிட்ட பன்றிக்கறியும் கலப்பையும் இருக்கும். ஆட்கள் நடப்பார்கள். ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர், நாலைந்து மாதம். ஏப்ரல் கடைசியில் புல் முளைத்ததும் புறப்பட்டால்தான் மாட்டுக்குத் தீனி. தாமதித்தால் மேற்கு மலைகளில் பனி வழியை அடைத்துவிடும். 1846-இல் டானர் குடும்பத்தோடு போன 87 பேர் அப்படித்தான் சியரா நெவாடா மலையில் சிக்கினார்கள். பாதிப் பேர் அளவுக்குத்தான் உயிரோடு இறங்கினார்கள். சமவெளியில் விறகு இல்லை. பைசன் என்ற காட்டு மாட்டின் சாண வறட்டியைப் பொறுக்கி எரித்தே சோறாக்கினார்கள். அந்த வழியில் அதிகம் பேரைக் கொன்றது காலரா. படத்தில் காட்டுகிற அம்பாலும் ஈட்டியாலும் இறந்தவர்கள் அதோடு பார்த்தால் மிகக் குறைவு.

வண்டி, இரண்டு மூன்று ஜோடிக் காளை, அரை வருட உணவு, இவ்வளவும் வாங்கக் கையில் காசு வேண்டும். அதனால் ஒன்றுமே இல்லாத பரம ஏழைகள் போகவில்லை. கொஞ்சம் நிலம் இருந்து, அதுவும் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தவர்களே அதிகம் போனார்கள். 1940களில் பாலா, சங்கனாசேரிப் பக்கமிருந்து நம் மலைக்கு வந்தவர்களில் பலரும் இதே நிலையில் இருந்தவர்கள்தான். கீழே இருந்த துண்டு நிலத்தை விற்றுவிட்டு மேலே காட்டை வெட்டினார்கள். ஆரிகனுக்குப் போனவர்களுக்கு 1850-இல் அரசே சட்டம் போட்டுக் கொடுத்தது: தனி ஆணுக்கு 320 ஏக்கர், கணவன் மனைவியாக இருந்தால் 640, அதில் பாதி மனைவி பெயரில். மனைவி பெயரில் என்பதால் அங்கே பெண் கேட்டு வந்தவர்கள் கூட்டம் அதிகமாயிற்று, சிறுமிகளைக்கூடக் கட்டிக்கொடுத்தார்கள்.

தங்கம் கிடைத்த பிறகு சில வருடங்களில் 3 லட்சம் பேர் கலிபோர்னியாவில் குவிந்தார்கள். தன் மதத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போனவர்களும் உண்டு. தலைவர் ஜோசப் ஸ்மித்தை 1844-இல் இல்லினாயில் ஒரு கும்பல் கொன்ற பிறகு, மார்மன் என்ற மதப் பிரிவினர் 1847-இல் உப்பு ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அது தனிக் கதை, வேறொரு முறை எழுதுகிறேன்.

வண்டிப்பெரியாறிலிருந்து பிளஸ் டூ மாணவி: "மேனிஃபெஸ்ட் டெஸ்டினி என்ற கொள்கைதான் காரணம் என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்குமா டீச்சர்?"

மதிப்பெண் கிடைக்கும், மகளே. ஆனால் உனக்கு அதற்கு மேலும் தெரிய வேண்டும்.

ஜான் ஓ'சல்லிவன் என்ற பத்திரிகை ஆசிரியர் 1845-இல் இந்தச் சொல்லை எழுதினார். இந்தக் கண்டம் முழுவதும் பரவுவது கடவுள் நமக்கு விதித்தது, அது எல்லாருக்கும் கண்கூடு என்பது அதன் பொருள். எழுதிய வருடத்தைக் கவனி. ஜனாதிபதி ஜெஃபர்சன், பிரான்ஸை ஆண்ட நெப்போலியனிடம் 1.5 கோடி டாலர் கொடுத்து லூசியானா நிலப்பரப்பை வாங்கி நாட்டை இரட்டிப்பாக்கி அப்போதே 42 வருடம் ஆகியிருந்தது. ஆரிகன் வண்டிகள் போக ஆரம்பித்துவிட்டன. சொல் வந்தபோது காரியம் பாதி முடிந்திருந்தது. கடவுள் பெயரைச் சொன்னதால், செய்கிறவர்களுக்கு மனசாட்சி உறுத்தவில்லை. அந்த அளவுக்கு அந்தச் சொல் உதவியது.

நீ விடையில் எழுத வேண்டிய இன்னொரு காரணம் பருத்தி. வர்ஜினியா, கரோலினா மண் பயிர் செய்து செய்து சத்து இழந்துவிட்டது. 1793-இல் பஞ்சையும் விதையையும் பிரிக்கும் இயந்திரம் வந்த பிறகு பருத்திக்கு நல்ல காசு. முதலாளிகள் புது மண் தேடி மேற்கே போனார்கள், அடிமைகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். 1790-க்கும் 1860-க்கும் இடையில் ஏறக்குறைய 10 லட்சம் கறுப்பின மக்கள், தாய் ஓரிடம் பிள்ளை ஓரிடம் என்று பிரிக்கப்பட்டு, தென்மேற்குப் பருத்திக் காடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விலங்கு மாட்டி நடக்கவைத்த வரிசைகளும் இருந்தன. மேற்கே போனவர்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும்போது அந்தப் பத்து லட்சத்தையும் சேர்த்து எண்ணு.

டெக்சாஸ் கதையும் அதோடு சேர்ந்ததுதான். அது மெக்சிகோவின் நிலம். மெக்சிகோ 1829-இல் அடிமை முறையைத் தடை செய்தது. அங்கே குடியேறியிருந்த அமெரிக்கர்கள் 1836-இல் பிரிந்துபோய்த் தனிக் குடியரசு அமைத்தார்கள். அதன் அரசியல் சட்டம் அடிமை முறையைக் காப்பாற்றியது. 1845-இல் அமெரிக்கா அதைச் சேர்த்துக்கொண்டது, மறு வருடம் போர், 1848-இல் ஒப்பந்தம். டெக்சாஸையும் கூட்டினால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தது. அந்தப் போரில் இளம் அதிகாரியாகச் சண்டையிட்ட யுலிசிஸ் கிராண்ட் பிற்பாடு ஜனாதிபதியானவர். வலிய நாடு ஒன்று எளிய நாட்டின் மேல் நடத்திய மிக அநியாயமான போர்களில் அதுவும் ஒன்று என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இதைப் பரீட்சையில் எழுது.

நெடுங்கண்டம் வாசகர்: "எங்கள் தாத்தா காலத்து இரண்டு ஏக்கருக்குப் பட்டயம் (நிலப் பட்டா) வாங்க இன்னும் நடக்கிறோம். அமெரிக்காவில் 160 ஏக்கரைச் சும்மா கொடுத்தார்களாமே, நிஜமா?"

நிஜம், அண்ணன். 1862 மே 20-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். குடிமக்களும் குடிமக்களாகப் போவதாக அறிவித்தவர்களும், 21 வயதானால், அல்லது குடும்பத் தலைவராக இருந்தால் அதற்குக் குறைந்த வயதிலும், 160 ஏக்கருக்கு மனுப் போடலாம். அதில் குடியிருக்க வேண்டும், பயிர் செய்ய வேண்டும். 5 வருடம் முடிந்ததும் சாட்சிகளோடு போய் நிரூபித்தால் நிலம் சொந்தம். மொத்தக் கட்டணம் 18 டாலர். விதவைகளும் கல்யாணமாகாத பெண்களும் தங்கள் பெயரிலேயே போடலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். இந்தச் சட்டத்தின்படி மொத்தம் 16 லட்சம் பேர் அளவுக்கு 27 கோடி ஏக்கர் பெற்றார்கள். நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

இது ஏன் அதற்கு முன் வரவில்லை? தெற்கு மாநில அடிமை முதலாளிகள் விடவில்லை. சிறு விவசாயிகள் மேற்கே நிறைந்தால் அங்கே அடிமைத் தோட்டம் போட முடியாது, அந்தப் பகுதிகளின் ஓட்டு தங்களுக்கு எதிராகப் போகும் என்று பயந்தார்கள். 1860-இல் ஒரு மசோதா வந்து, ஜனாதிபதி பியூகானன் அதைத் திருப்பி அனுப்பினார். உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்கள் வெளியேறிய பிறகே சட்டம் நிறைவேறியது.

இனி, 160 ஏக்கர் என்றதும் நமக்குக் கண் விரிகிறது. கம்பம் பள்ளத்தாக்கில், பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இடத்தில், ஒருவருக்கு 160 ஏக்கர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் ஊரே நிற்கும். டகோட்டாவிலும் மேற்குக் கான்சாஸிலும் அப்படி இல்லை. அங்கே பல இடங்களில் வருடத்துக்கு 500 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாது. மரம் இல்லை, புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு ஒழுகும். 1874-இல் வெட்டுக்கிளி வந்து கதிரை மட்டுமல்ல, தோல் வாரையும் துணியையும்கூடத் தின்றது. அந்த மேற்குப் பகுதிகளைச் சுற்றி ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல் 1878-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்: பாசன வசதி இருந்தால் 80 ஏக்கர் போதும், இல்லாத இடத்தில் மேய்ச்சலுக்கு 2,560 ஏக்கர் வேண்டும். உழுதால் மழை பின்னாலேயே வரும் என்று அப்போது நிலம் விற்பவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பவல் பேச்சு எடுபடவில்லை. மனுப் போட்டவர்களில் ஏராளமானோர் 5 வருடம் தாக்குப்பிடிக்காமல் விட்டுவிட்டுப் போனார்கள்.

ரயில் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்தது எவ்வளவு தெரியுமா? மத்திய அரசு கொடுத்தது மட்டும் ஏறக்குறைய 13 கோடி ஏக்கர். தண்டவாளத்தின் இரு பக்கமும், ஒன்று விட்டு ஒன்றாகச் சதுரம் சதுரமாக. அதை விற்க அவர்கள் ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் ஆள் அனுப்பி விளம்பரம் செய்தார்கள். சிறு விவசாயிக்கு ரயிலடியிலிருந்து எட்டாத வறண்ட துண்டு, கம்பெனிக்கு ரயிலடி நிலம். பிறகு அதே விவசாயி தன் கோதுமையை அந்தக் கம்பெனி கேட்ட கூலிக்குத்தான் ஏற்ற வேண்டும். எனக்கு இதில்தான் வயிறு எரிகிறது.

நம் மலையிலும் ஆரம்பம் அரசிடமிருந்துதான். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரவு நின்றதும், உணவுப் பயிர் வையுங்கள் என்று திருவிதாங்கூர் அரசே காட்டைத் திறந்துவிட்டது. கூப்பிட்டவர்கள் காகிதத்தைக் கையில் கொடுக்கவில்லை, உங்கள் தாத்தா மாதிரி ஆட்கள் நடையாய் நடந்தார்கள். உங்கள் கோரிக்கை நியாயமானது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். நெடுங்கண்டத்தைச் சுற்றிய மலைகளில் உங்களுக்கும் எனக்கும் முன்னால் மன்னான்களும் ஊராளிகளும் முதுவான்களும் பளியர்களும் இருந்தார்கள். பட்டயம் பற்றிய எந்தக் கூட்டத்திலும் அவர்கள் பெயர் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து.

மறையூர் வாசகர்: "அங்கே கோடிக்கணக்கில் காட்டெருமை இருந்ததாமே, எங்கே போயின?"

நம் சின்னாறு காட்டில் பார்க்கிற இனம் இல்லை, அது பைசன், வேறு வகை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறைந்தது 3 கோடி இருந்திருக்கும் என்கிறார்கள். 1880களின் கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே. 1870களின் தொடக்கத்தில் அதன் தோலை ஆலை இயந்திரங்களுக்கு வாராகப் பதனிடும் முறை வந்தது. தோலை உரித்துக்கொண்டு உடலை அப்படியே விட்டுப் போனார்கள். பைசன் போனால் அதை நம்பி வாழும் சமவெளி மக்கள் பசியால் பணிவார்கள் என்று ராணுவத்தில் பலர் அந்த வேட்டையை வரவேற்றார்கள். அதுபோலவே நடந்தது.

மூணாறிலிருந்து கொழுந்து பறிக்கும் வாசகி: "எங்களைப் போலக் கூலிக்குப் போனவர்கள் அந்தக் கதையில் யாரும் இல்லையா டீச்சர்?"

இருந்தார்கள், அம்மா. என் தாத்தா கங்காணியோடு மலையேறியவர், நான் லயத்து வீட்டில் பிறந்தவள். இந்தக் கேள்விக்கு மட்டும் பதிலைச் சுருக்க மனம் வரவில்லை.

1869 மே 10-இல் யூட்டாவில் புரோமன்டரி என்ற இடத்தில் கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்ததும் சேர்ந்தன. அதுவரை மாதக்கணக்கில் ஆன பயணம் ஒரு வாரத்துக்குச் சுருங்கியது. மேற்குப் பக்க வேலையைச் செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குச் சீனர்கள், பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்து விவசாயப் பிள்ளைகள். ஒரே நேரத்தில் 10,000 பேருக்கு மேல் வேலையில் இருந்தார்கள். சியரா நெவாடாவில் கருங்கல்லைக் குடைந்து 1,659 அடி நீளத்துக்கு ஒரு சுரங்கம் போட்டார்கள். கையால் உளி பிடித்து, மருந்து வைத்து வெடித்து, ஒரு நாளைக்கு ஓரடி நகர்ந்தால் பெரிது என்ற நாட்கள் இருந்தன. 1866-67 பனிக்காலத்தில் பனிக்கு அடியிலேயே வழி குடைந்து அதற்குள் வாழ்ந்தார்கள். பனிச்சரிவில் போனவர்களின் உடல் பனி கரைந்த பிறகே கிடைத்தது.

வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு. சீனர்களுக்குச் சம்பளமும் குறைவு, சாப்பாடும் அவர்கள் செலவு. 1867 ஜூனில் அவர்கள் எல்லாரும் ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள். சமச் சம்பளம், சுரங்கத்துக்குள் குறைந்த வேலை நேரம், இவைதான் கேட்டது. சத்தம் இல்லை, அடிதடி இல்லை. மலை உச்சியில் இருக்கிறவர்களுக்குக் கம்பெனி சாப்பாட்டுச் சாமான் வருவதை நிறுத்தியது. ஒரு வாரத்தில் பசி அவர்களைத் திரும்ப வேலைக்கு அனுப்பியது. 2015-இல் மூணாறில் நீங்கள் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் வேலையை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது. கொழுந்து எடுக்கிற கை நின்றால் தோட்டம் நிற்கும் என்று நீங்கள் காட்டினீர்கள். அவர்களுக்கு அரிசி கொண்டுவர ஊரும் இல்லை, அவர்கள் பக்கம் நின்று எழுதப் பத்திரிகையும் இல்லை.

தண்டவாளம் சேர்ந்த நாளில் எடுத்த பிரபலமான புகைப்படத்தில் சீன முகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். குடியுரிமைச் சட்டம் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை, அதனால் மேலே சொன்ன 160 ஏக்கருக்கு அவர்களால் மனுவும் போட முடியாது. 1882-இல் சீனத் தொழிலாளர் யாரும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டமே வந்தது. அது 1943 வரை நீடித்தது.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வாசகர்: "அந்த மண்ணின் மக்கள் கோர்ட்டுக்குப் போகவில்லையா? ஒப்பந்தம் எதுவும் இல்லையா?"

போனார்கள், ஜெயித்தார்கள். ஜார்ஜியாவில் வாழ்ந்த செரோக்கி மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1821-இல் செக்வோயா என்பவர் அவர்கள் மொழிக்கு எழுத்து உருவாக்கி முடித்தார். 1827-இல் எழுதப்பட்ட அரசியல் சட்டம், 1828-இல் சொந்தப் பத்திரிகை. வீடு, வயல், ஆலை எல்லாம் இருந்தன. அந்த 1820களின் கடைசியிலேயே அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது. பருத்திக்கும் அந்த மண் வேண்டும். 1830-இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பழங்குடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1832-இல் உச்ச நீதிமன்றம், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை.

1835-இல், அந்த மக்களின் அரசு அதிகாரம் கொடுக்காத ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கி அதை ஒப்பந்தம் என்றார்கள். தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கானவர்கள் பெயரோடு ஆட்சேப மனுக் கொண்டுபோனார். செனட் சபை ஒப்பந்தத்தை ஏற்றது; ஒரே ஓட்டுக் குறைந்திருந்தாலும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது. 1838 கோடையில் ராணுவம் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பட்டியில் அடைத்து, பிறகு மேற்கே நடத்தியது. 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் பட்டியிலும் வழியிலும் இறந்தார்கள். கிரீக், சோக்டா, சிக்கசா, செமினோல் மக்களுக்கும் இதே கதிதான்.

அவர்களுக்குக் காட்டிய மேற்கு இடம் இன்றைய ஓக்லஹோமா. இது என்றைக்கும் உங்களுடையது என்று ஒப்பந்தங்கள் சொன்னன. 1889 ஏப்ரல் 22 பகல் 12 மணிக்கு அதன் நடுப்பகுதியில் 20 லட்சம் ஏக்கர் அளவுக்கு நிலத்தைத் திறந்துவிட்டார்கள். எல்லையில் குதிரையோடும் வண்டியோடும் காத்திருந்த ஏறக்குறைய 50,000 பேர் ஓடி முளை அடித்தார்கள். அதற்கு 2 வருடம் முன்னால், 1887-இல், பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்து மிச்சத்தை விற்கும் சட்டம் வந்திருந்தது. அப்போது அவர்களிடம் 13.8 கோடி ஏக்கர் இருந்தது, 1934-இல் 4.8 கோடி.

ஆனால் ஒப்பந்தக் காகிதத்தை அந்த மக்கள் தூக்கிப் போடவில்லை. 2020 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு குற்ற வழக்கில், 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புக் கூறியது: கிரீக் மக்களுக்கு ஒப்பந்தத்தில் ஒதுக்கிய நிலப்பரப்பை நாடாளுமன்றம் ஒருபோதும் ரத்து செய்யவில்லை, எனவே குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை அது இன்றும் அவர்கள் நிலப்பரப்புதான். துல்சா நகரத்தின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. செரோக்கி உள்ளிட்ட மற்ற நாலு மக்களின் நிலத்துக்கும் கீழ் நீதிமன்றங்கள் அதே முடிவைச் சொன்னன. 2022-இல் உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்கும் அங்கே ஓரளவு அதிகாரம் உண்டு என்று சொன்னது. வரி யாருக்கு, போலீஸ் யாருடையது என்ற வழக்குகள் அதன் பிறகும் தொடர்ந்தன.